ஓராண்டில் காலாவதியாகும் உழைப்பு

ஒரு தொழிலில் நெடுங்காலம் நிலைத்திருப்பவருக்கு அந்தக் காலமே சேமிப்பாகிவிடுகிறது என்பது பெரும்பாலான தொழில்களைப் பற்றி நிலவும் நம்பிக்கை. மருத்துவரின் அனுபவமும் இசைக்கலைஞரின் சாதகமும் நெசவாளரின் கைப்பழக்கமும் ஆண்டுகள் கூடக்கூட மதிப்புக் கூடுபவை. தொழில்முறை டேபிள் டென்னிஸ் இந்த நம்பிக்கைக்குக் கட்டுப்படுவதில்லை. 2018 ஜனவரியில் சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனம் நடைமுறைக்குக் கொண்டுவந்த தரவரிசை முறைப்படி, ஓர் ஆட்டக்காரர் முந்தைய பன்னிரண்டு மாதங்களில் பெற்ற முடிவுகளில் சிறந்த எட்டின் புள்ளிகளை மட்டும் கூட்டி உலக வரிசையில் அவருடைய இடம் தீர்மானிக்கப்படுகிறது. ஒரு போட்டியில் ஈட்டிய புள்ளிகள் ஓராண்டு முடிந்ததும் கணக்கிலிருந்து உதிர்ந்துவிடுகின்றன. அதற்கு முன்பிருந்த முறை, ஒருவர் யாரை வென்றார், யாரிடம் தோற்றார் என்பதை அடிப்படையாகக் கொண்டு அவருடைய திறனை மதிப்பிட்டது. ஆகவே குறைவான போட்டிகளில் ஆடியவரும் தம் இடத்தை ஓரளவு காத்துக்கொள்ள முடிந்தது. புதிய முறையிலோ ஆடாமல் இருப்பதே இறங்குவதற்குப் போதுமான காரணம்.

கணக்கீட்டு முறையில் நேர்ந்த இந்த மாற்றம் ஒரு விளையாட்டை ஊர் ஊராகச் சுற்றும் பிழைப்பாக மாற்றியது. உலகப் போட்டிகள் பல படிநிலைகளாக அடுக்கப்பட்டுள்ளன. உச்சியில் உள்ள ‘கிராண்ட் ஸ்மாஷ்’ போட்டிகளுக்கு மிக அதிகப் புள்ளிகளும் பரிசுத்தொகையும் உண்டு. அடித்தளத்தில் உள்ள ‘ஃபீடர்’ போட்டிகள், மேல்நிலைக்குப் போகத் தேவையான தரவரிசையை இளையோர் தேடிக்கொள்ளும் களங்கள். உச்சிக்குப் போவதற்குத் தரவரிசை வேண்டும். தரவரிசைக்குப் பல நாடுகளில் ஆட வேண்டும். பல நாடுகளில் ஆடுவதற்கு, வெற்றிக்கு முன்பே பணம் வேண்டும். இந்தச் சுழலின் கடுமை ஏழை நாட்டு ஆட்டக்காரர்களை மட்டும் வாட்டவில்லை. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் ஆடவர் ஒற்றையர் தங்கத்தையும் மகளிர் ஒற்றையர் தங்கத்தையும் வென்ற சீனாவின் ஃபான் ஜென்டாங்கும் சென் மெங்கும் அதே ஆண்டு டிசம்பரில் உலகத் தரவரிசையிலிருந்தே விலகுவதாக அறிவித்தனர். கட்டாயப் போட்டிகளில் கலந்துகொள்ளாதவர்களுக்கு அபராதம் விதிக்கும் விதியே அவர்கள் சொன்ன காரணம். ஒலிம்பிக் தங்கம் கையில் இருப்பவரால் அப்படி விலக முடிகிறது. பத்தொன்பது வயதில் உலகின் முந்நூறாவது இடத்தில் இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது.

இந்த நிலையற்ற தொழிலுக்கான தயாரிப்பு வாழ்க்கையின் மிக ஆரம்பத்தில் தொடங்கியாக வேண்டும் என்பதுதான் சிக்கலின் மறுபாதி. மேசையின் நீளம் 2.74 மீட்டர், அகலம் 1.525 மீட்டர், வலையின் உயரம் 15.25 சென்டிமீட்டர், பந்தின் விட்டம் 40 மில்லிமீட்டர், எடை 2.7 கிராம். எதிராளியின் மட்டையிலிருந்து கிளம்பும் பந்து மறுமுனைக்கு வந்துசேர அரை நொடிகூட ஆவதில்லை. வேகத்தைக் காட்டிலும் சுழற்சியே இந்த ஆட்டத்தின் உயிர். மட்டையின் மீது ஒட்டப்படும் ரப்பரும் அதன் அடியில் உள்ள கடற்பஞ்சு போன்ற அடுக்கும் பந்தைப் பற்றி இழுத்துவிடுகின்றன; பந்தின் மேற்புறத்தை முன்னோக்கி உரசி அடிக்கும் ‘டாப்ஸ்பின்’ என்ற அடியில் பந்து நொடிக்கு நூறு முறைக்கும் மேல் சுழலக்கூடும். அவ்வாறு சுழலும் பந்து வலையைக் கடந்ததும் திடீரெனத் தாழ்ந்து, மேசையில் பட்டதும் முன்னோக்கிப் பாய்கிறது. சுழற்சியின் அளவையும் திசையையும் எதிராளியின் மணிக்கட்டு அசைவிலிருந்து கண்டுகொண்டு, அதற்கேற்ப மட்டையின் சாய்வை மாற்றி, கால்களை நகர்த்தி, உடலைத் திருப்பி அடிக்க வேண்டும். இவை ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்வதற்கு அந்த அரை நொடி போதாது. யோசனை தேவைப்படாத அளவுக்கு உடல் பழகியிருக்க வேண்டும். ஆகவேதான் ஆறு, ஏழு வயதில் மட்டை பிடிப்பவர்களே பெரும்பாலும் உலகத்தரத்தை எட்டுகிறார்கள். ஜப்பானின் டோமோகாசு ஹரிமோட்டோ 2017 ஆகஸ்டில் செக் ஓபன் ஆடவர் பட்டத்தை வென்றபோது அவருக்கு வயது 14.

ஆறு வயதுக் குழந்தை தன் தொழிலைத் தேர்ந்தெடுப்பதில்லை. பெற்றோரோ பயிற்சியாளரோ அரசோ அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் தேர்வு சரியா என்று சொல்லும் வயதைக் குழந்தை அடையும்போது, பத்தாண்டு உழைப்பு உடலில் படிந்துவிட்டிருக்கும். வேறு பாதைகளில் சில அடைபட்டும் இருக்கும். இளம் ஆட்டக்காரரின் வாழ்க்கையைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் வெற்றியிலிருந்து பின்னோக்கி எழுதப்படுவதால், இந்த அறச்சிக்கல் தியாகம், விடாமுயற்சி போன்ற சொற்களுக்குள் மறைந்துபோகிறது. இந்தியச் சட்டம் அதை மறைக்காமல் எதிர்கொண்டிருக்கிறது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டபோது, பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக்கூடாது என்ற பொதுத்தடைக்கு இரண்டு விலக்குகள் அளிக்கப்பட்டன. ஒன்று, அபாயமற்ற குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் உதவுவது. மற்றொன்று, திரைப்படம், தொலைக்காட்சி முதலிய கேளிக்கைத் துறைகளிலும், சர்க்கஸ் நீங்கலான விளையாட்டுச் செயல்பாடுகளிலும் பங்கேற்பது. இரண்டும் குழந்தையின் பள்ளிக் கல்வியைப் பாதிக்கக்கூடாது என்பது சட்டம் வைக்கும் நிபந்தனை. வீட்டுத் தறியையும் விளையாட்டரங்கையும் ஒரே பிரிவில் அருகருகே வைக்கும் இந்தச் சட்டம், இரண்டுக்கும் இடையிலான உறவை யோசித்துப் பார்க்க வைக்கிறது.

அந்த உறவை யோசிப்பதற்குக் காஞ்சிபுரத்தின் தென்மேற்கு ஓரத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் அரிது. வேகவதி ஆற்றங்கரையில் சமணக் காஞ்சி என்று அறியப்படும் திருப்பருத்திக்குன்றம் இருக்கிறது. அதற்கும் காஞ்சி நகரத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் பட்டுநெசவுக்குப் பேர்போன பிள்ளையார்பாளையம். காஞ்சிப் பட்டின் தனி அடையாளமான கோர்வை என்ற முறையில், சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு வண்ண ஊடைகளால் நெய்யப்பட்டு ஒவ்வோர் இழையிலும் பின்னி இணைக்கப்படுகின்றன. உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைகளுக்கு இரண்டு நாடாக்களுமாக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும் என்பதால், நெசவாளருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ளிக்கொடுக்க ஓர் உதவியாளர் தேவை. நெடுங்காலமாக அந்த உதவியாளர் பெரும்பாலும் ஒரு சிறுவரே. வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அது தொழில் கற்கும் காலம். வாங்கிய முன்பணத்துக்காக இன்னொருவர் தறியில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளையாக இருந்தால் அது கொத்தடிமைத்தனம். 1990-களில் காஞ்சிபுரம் மாவட்டத்துத் தறிகளில் இருந்த குழந்தை உழைப்பு நாடறிந்த பிரச்சினையாகி, சட்ட நடவடிக்கைகளாலும் சிறப்புப் பள்ளிகளாலும் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. பள்ளிக்குப் போன தலைமுறையில் பெரும்பகுதி தறிக்குத் திரும்பவில்லை. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போய்விட்டது. கைத்திறன் மங்குகிறதே என்ற வருத்தம் நியாயமானது என்றாலும், அந்தப் பிள்ளைகளுக்குத் தறியை விட்டு எழுந்து போகும் உரிமை கிடைத்ததை ஒரு சமூக வெற்றியாகவே கொள்ள வேண்டும்.

தறியடியில் நாடா தள்ளிய சிறுவரின் உழைப்பும், ஒரு பெட்டி நிறையப் பந்துகளைப் பயிற்சியாளர் ஒன்றன்பின் ஒன்றாக வீச அவற்றை இடைவிடாமல் திருப்பி அடிக்கும் பல்பந்துப் பயிற்சியில் நிற்கும் சிறுமியின் உழைப்பும் ஒன்றென்று சொல்ல முடியாது. பயிற்சியின் பயன் பயில்பவரையே சேர்கிறது. கூலியுழைப்பின் பயன் பிறரைச் சேர்கிறது. ஆனால் இந்த வேறுபாடு தானாக நிலைத்துவிடுவதில்லை. பதக்கத்தின் பெருமை பள்ளிக்கும் சங்கத்துக்கும் மாநிலத்துக்கும் போய்ச் சேர்ந்து, பதக்கம் கிட்டாதபோது இழப்பு மட்டும் பிள்ளையின் தலையில் விழுமானால், பயிற்சிக்கும் சுரண்டலுக்கும் இடையிலான கோடு அழிந்துவிடுகிறது. அந்தக் கோட்டை அழியாமல் வைத்திருப்பது ஒன்றே ஒன்று: ஆட்டத்தை விட்டு வெளியேறும்போது மரியாதையோடு வாழ்வதற்கான வழி திறந்திருப்பது.

திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபம், விஜயநகர அமைச்சரும் தளபதியுமான இருகப்பரால் 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பப்பட்டது. கோயிலின் விதான ஓவியங்கள் ரிஷபதேவர் முதலிய தீர்த்தங்கரர்களின் வாழ்க்கையைச் சொல்கின்றன. சமண மரபின்படி, மக்களுக்குப் பிழைக்கும் வழிகளை முதலில் கற்பித்தவர் ரிஷபதேவர். அசி, மசி, கிருஷி, வித்தை, வாணிகம், சிற்பம் என்பவை அந்த ஆறு வழிகள். அதாவது படைக்கலம், எழுத்து, உழவு, கலை, வணிகம், கைவினை. உடலால் நிகழ்த்திக் காட்டும் திறனையும் பிழைப்புக்குரிய வழியாக ஏற்கும் பட்டியல் இது. அதே ரிஷபதேவர் துறவு பூண்டதற்குச் சமணப் புராணம் சொல்லும் காரணமும் ஒரு நிகழ்த்துகலைஞரைப் பற்றியது. அவருடைய அவையில் நீலாஞ்சனை என்ற தேவமகள் ஆடிக்கொண்டிருக்கும்போதே அவள் ஆயுள் முடிந்துவிடுகிறது. ஆட்டம் தடைபடக்கூடாது என்று இந்திரன் அக்கணமே அவளைப் போன்ற இன்னொருத்தியை அங்கே நிறுத்திவிடுகிறான். அவையோர் எவருக்கும் மாற்றம் தெரியவில்லை, ரிஷபதேவர் மட்டும் அறிந்துகொள்கிறார். புராணம் இதை நிலையாமைக்குச் சான்றாகச் சொல்கிறது. தொழில்முறை விளையாட்டைப் பற்றி யோசிப்பவருக்கு இந்தக் கதையில் வேறொரு பாடமும் உண்டு. தரவரிசையில் ஒருவர் உதிர்ந்த இடத்தில் இன்னொருவர் உடனே வந்து நிற்கிறார். பட்டியல் ஒரு வாரம்கூட வெறுமையாக இருப்பதில்லை. உதிர்ந்தவர் என்ன ஆனார் என்று கவனிக்கும் கண்கள்தாம் மிகக் குறைவு.

சென்னையின் டேபிள் டென்னிஸ் வரலாறு அத்தகைய ஓர் உதிர்வின் நினைவைச் சுமந்திருக்கிறது. மூன்று முறை தேசிய சாம்பியனாக விளங்கி அர்ஜுனா விருது பெற்ற வி. சந்திரசேகர், ஆட்டத்தின் உச்சத்தில் இருந்த 1984-இல் முழங்கால் அறுவை சிகிச்சைக்கு உட்பட்டார். அதில் நேர்ந்த சிக்கலால் மூளை பாதிக்கப்பட்டு, பார்வையும் பேச்சும் நடையும் ஒருசேரக் குலைந்தன. அவர் நீதிமன்றத்தில் நெடுநாள் போராடி இழப்பீடு பெற்றார். உடலைக் கொஞ்சங்கொஞ்சமாக மீட்டெடுத்தார். மீண்டும் போட்டியாளராக முடியாத நிலையில் பயிற்சியாளராகி, சென்னையில் ஒரு தலைமுறை ஆட்டக்காரர்களை உருவாக்கினார். 2021 மே மாதத்தில் கொரோனா தொற்று அவரைக் கொண்டுபோனது. இருபதுகளின் பிற்பகுதியில் தொழில் அறுந்துபோன ஒருவர், தம் அறிவைப் பிள்ளைகளுக்கு மாற்றிக்கொடுத்து ஊரின் மரபையே உயிர்ப்பித்தார் என்பது அவருடைய மன உறுதிக்குச் சான்று. எல்லோரிடமும் அத்தகைய உறுதியை எதிர்பார்த்து ஒரு விளையாட்டு அமைப்பை நடத்த முடியாது என்பதும் அவர் வாழ்க்கை கற்பிக்கும் பாடந்தான்.

சந்திரசேகரிடம் இளமையில் பயின்றவர்களில் ஒருவர் 1993 ஜனவரி 8-இல் சென்னையில் பிறந்த ஞானசேகரன் சத்தியன். அவருக்கு முன்பே சென்னையிலிருந்து உலக அரங்குக்குப் போயிருந்த அசந்தா சரத் கமல், தந்தையும் சித்தப்பாவும் பயிற்சியாளர்களாக இருந்த குடும்பத்தில் வளர்ந்தவர். 2006 மெல்பர்ன் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம் வென்றவர். இந்தியன் ஆயில் நிறுவனத்தின் ஊழியராக இருந்துகொண்டே ஐரோப்பிய கிளப்புகளுக்கு ஆடி, இந்திய ஆட்டக்காரர் ஒருவர் இதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டு வாழ முடியும் என்று காட்டியவர். சத்தியனின் தலைமுறைக்கு அந்த வழி கண்முன் இருந்தது. ஆனாலும் அவர் குடும்பம் அதில் கண்ணை மூடிக்கொண்டு இறங்கவில்லை. 2011-இல் பஹ்ரைனில் நடந்த உலக ஜூனியர் போட்டியில் வெண்கலம் வென்ற இந்திய அணியில் இருந்த அந்த இளைஞர், சென்னையின் செயின்ட் ஜோசப் பொறியியல் கல்லூரியில் தகவல் தொழில்நுட்பம் படித்துப் பட்டம் பெற்றார். பிறகு ஓஎன்ஜிசி என்ற பொதுத்துறை எண்ணெய் நிறுவனத்தில் வேலையும் கிடைத்தது. அடுத்த கட்டப் பயிற்சியை அளித்தவர், முன்னாள் இந்திய ஆட்டக்காரரும் 2021-ஆம் ஆண்டுக்கான துரோணாச்சார்யா விருது பெற்றவருமான எஸ். ராமன்.

இதன் பின்னர் சத்தியனின் ஏற்றம் வேகமானது. 2016-இல் பெல்ஜியம் ஓபனையும் 2017-இல் ஸ்பெயின் ஓபனையும் வென்று, உலகச் சுற்றுப்போட்டிகளில் இரண்டு ஒற்றையர் பட்டங்கள் பெற்ற முதல் இந்தியரானார். முதல் பட்டம் கிடைத்தபோது அவருக்கு வயது 23. ஹரிமோட்டோவின் 14 வயதோடு ஒப்பிட்டால் ஒன்பது ஆண்டுகள் பிந்திய வெற்றி. 2018 ஏப்ரலில் கோல்ட்கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் ஆடவர் அணித் தங்கம், சரத் கமலுடன் இரட்டையர் வெள்ளி, மணிகா பத்ராவுடன் கலப்பு இரட்டையர் வெண்கலம் என மூன்று பதக்கங்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் காலிறுதியில் ஜப்பானை வென்று இந்திய ஆடவர் அணி வெண்கலம் பெற்றது. 1958-இல் டேபிள் டென்னிஸ் ஆசிய விளையாட்டுகளில் சேர்க்கப்பட்ட பிறகு, அறுபது ஆண்டுகளில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. ஐந்து பேர் கொண்ட அந்த அணியில் சரத் கமல், சத்தியன், அந்தோணி அமல்ராஜ் ஆகிய மூவர் சென்னைக்காரர்கள். 2019 மே மாதத்தில் சத்தியன் உலகத் தரவரிசையில் 24-ஆம் இடத்தை எட்டினார். அதற்கு முன் எந்த இந்திய ஆடவரும் முதல் 25 இடங்களுக்குள் வந்ததில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் யோக்யகர்த்தாவில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப் அணிப் போட்டியில், உலகின் முன்னணி ஐவரில் ஒருவராக இருந்த ஹரிமோட்டோவை நேர் ஆட்டங்களில் வென்றார்.

தொழில்வாழ்வின் தன்மை ஏற்றத்தைவிட அதன் பின்னே வரும் ஆண்டுகளில்தான் துலங்குகிறது. 2020-இல் கொரோனா ஊரடங்கில் அரங்குகள் மூடப்பட்டபோது, பந்துகளைத் தானாக வீசும் இயந்திரம் ஒன்றை வீட்டிலேயே நிறுவி அதனோடு பயிற்சி செய்தார். எதிராளி இல்லாமலும் உடலின் பழக்கத்தை விட்டுவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. 2021 பிப்ரவரியில் பஞ்ச்குலாவில் சரத் கமலை வென்று முதல் முறையாகத் தேசிய சாம்பியனானார். 28 வயதுக்குப் பிறகே அந்தப் பட்டம் கைகூடியது. அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில், தம் முதல் ஆட்டத்தில் ஹாங்காங்கின் லாம் சியூ ஹாங்கிடம் 3-1 என்று முன்னிலை வகித்திருந்தும் 3-4 என்று தோற்றார். அடுத்த மாதமே செக் ஓபன் பட்டத்தை வென்றார். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் அணித் தங்கமும் ஒற்றையர் வெண்கலமும் கிடைத்தன. 2024 மார்ச்சில் பெய்ரூட்டில் ஃபீடர் நிலைப் போட்டியில், மானவ் தக்கரை இறுதியில் வென்று அந்த நிலையில் ஆடவர் ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் இந்தியரானார். இந்திய ஆடவர் அணி முதன்முறையாக ஒலிம்பிக் அணிப் போட்டிக்குத் தகுதிபெற்ற அதே ஆண்டில், பாரீஸுக்கு அவர் மாற்று ஆட்டக்காரராகவே சென்றார். ஐந்தாண்டுகளுக்கு முன் உலகின் 24-ஆம் இடத்தில் இருந்தவர், 31 வயதில், இளையோருக்கான படியில் மீண்டும் நின்று புள்ளி சேர்த்தார். இதை வீழ்ச்சி என்று சொல்பவர்கள் இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ளாதவர்கள். ஆண்டுதோறும் கணக்கு புதிதாகத் தொடங்கும் தொழிலில், பழைய பெருமையைப் பிடித்துக்கொண்டு ஒதுங்காமல் கீழ்ப்படியில் நின்று ஆடத் துணிவதே தொழில் பக்தி.

அந்தத் துணிவுக்குப் பொருளாதார அடித்தளம் ஒன்று இருக்கிறது. இந்திய டேபிள் டென்னிஸ் ஆட்டக்காரர்களின் வருமானம் பல ஊற்றுகளிலிருந்து வருகிறது. முதலாவது, பொதுத்துறை நிறுவனங்களிலும் ரயில்வேயிலும் ரிசர்வ் வங்கியிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் நிரந்தர வேலை. எண்ணெய் நிறுவன ஊழியர்கள் தேசியப் போட்டிகளில் பெட்ரோலிய விளையாட்டு மேம்பாட்டு வாரியத்தின் அணியில் ஆடுவது இந்த ஏற்பாட்டின் விளைவு. இரண்டாவது, கிளப் ஒப்பந்தங்கள். சத்தியன் ஜெர்மனியின் உயர்நிலை லீக்கான புண்டஸ்லீகாவிலும் ஜப்பானின் டி லீக்கிலும் ஆடியிருக்கிறார். 2017-இல் தொடங்கப்பட்ட அல்டிமேட் டேபிள் டென்னிஸ் லீக் உள்நாட்டிலேயே அத்தகைய வாய்ப்பைத் தந்தது. மூன்றாவது, ஒலிம்பிக் பதக்க வாய்ப்புள்ளவர்களுக்கான மத்திய அரசின் திட்டமும், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் நடத்தும் உதவித் திட்டங்களும். பரிசுத்தொகை இவற்றுக்கெல்லாம் அடுத்தே வருகிறது. ஒரு தோல்வி வாழ்க்கையைக் கவிழ்த்துவிடாது என்ற உறுதியை முதலாவது ஊற்று அளிக்கிறது; மற்றவை ஆட்டத்தை வளர்க்கின்றன.

படிப்பையும் வேலையையும் சேர்த்துச் சுமக்கும் இந்த வழியை அரைமனது என்று குறை சொல்பவர்கள் உண்டு. சீனாவில் ஐந்து, ஆறு வயதிலேயே விளையாட்டுப் பள்ளிகளில் சேர்க்கப்படும் பிள்ளைகள் மாகாண அணி, தேசிய இரண்டாம் அணி, தேசிய முதல் அணி என்று படிப்படியாக வடிகட்டப்படுகிறார்கள். அங்கே ஒலிம்பிக் தங்கங்கள் குவிவதற்கும் இங்கே ஒரு வெண்கலத்துக்கு அறுபது ஆண்டுகள் ஆனதற்கும் காரணம் அந்த முழு அர்ப்பணிப்பே என்பது அவர்கள் வாதம். வாதத்தின் முற்பகுதி உண்மை. ஆயிரக்கணக்கானோரைச் சிறுவயதிலேயே ஒரே பாதையில் நிறுத்தினால் சிலர் உச்சத்தை அடைவார்கள். அடையாதவர்களின் பதின்ம ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியை அந்த வாதம் எழுப்புவதில்லை. காஞ்சிபுரத்துத் தறிகளிலிருந்து பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பிய ஒரு சமூகம், விளையாட்டின் பெயரால் அதே கேள்வியைக் கேட்காமல் இருப்பது முறையாகாது. பட்டமும் வேலையும் ஆட்டத்துக்குக் கேடு என்ற முடிவையும் அனுபவம் ஆதரிக்கவில்லை. ஹைதராபாத்தில் கல்லூரிப் படிப்பையும் ஆட்டத்தையும் ஒன்றாக நடத்தி ரிசர்வ் வங்கியில் பணிபுரியும் ஸ்ரீஜா அகுலா, 2022-இல் தேசிய சாம்பியனாகி, 2024 ஜூனில் லாகோஸில் உலக அளவிலான ‘கன்டெண்டர்’ நிலைப் பட்டத்தை வென்றார். பாரீஸில் இந்திய மகளிர் அணி காலிறுதி வரை சென்றபோது அதில் அவரும் இருந்தார். பின்னால் ஒரு நிலம் இருக்கிறது என்ற நம்பிக்கை உள்ளவர் நெருக்கடியான புள்ளியில் துணிந்து அடிக்க முடியும். தோற்றால் எல்லாம் போயிற்று என்று அஞ்சுபவர் பந்தைப் பத்திரமாகத் திருப்பிவைக்கவே பார்ப்பார். பாதுகாப்பு, ஆட்டத்தில் துணிச்சலாகவும் வெளிப்படுகிறது.

ஆயினும் இந்த நல்ல ஏற்பாட்டின் எல்லை மிகக் குறுகியது என்பதை மறைப்பதில் பயனில்லை. அது சென்னையின் சில வட்டாரங்களோடும், செலவைத் தாங்கும் குடும்பங்களோடும் நின்றுவிடுகிறது. திருப்பருத்திக்குன்றத்துக்கும் சென்னைக்கும் இடையே சுமார் 75 கிலோமீட்டர் தூரந்தான். ஆனால் பள்ளி முடிந்த மாலையில் பயிற்சிக்குப் போய்த் திரும்ப வேண்டிய பத்து வயதுக் குழந்தைக்கு அது கடக்க முடியாத தூரம். வெளியரங்கில் ஓடவும் பந்தெறியவும் ஒரு திடல் போதும், 2.7 கிராம் எடையுள்ள பந்துக்கோ காற்று நுழையாத கூடமும், நிழல் விழாத வெளிச்சமும், வழுக்காத தரையும் வேண்டும். ரப்பர்கள் தேய்ந்து பற்றும் தன்மையை இழப்பதால், தீவிரமாக ஆடுபவர்கள் அவற்றைச் சில வாரங்களுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். இது தறிக்கூலியில் வாழும் வீட்டுக்குத் தொடர்ந்து வரும் செலவு. எல்லாவற்றுக்கும் மேலாக, சுழற்சியைக் கற்றுத்தரத் தெரிந்த ஒருவர் நாள்தோறும் அருகில் இருக்க வேண்டும். ஆட்டத்தை விட்டவர்களில் நூறு பேருக்கு ஐவராவது சிறு நகரங்களில் பயிற்சியாளர்களாக ஊதியத்தோடு அமர்த்தப்பட்டிருந்தால், இந்தத் தூரத்தில் பாதி குறைந்திருக்கும்.

பெண் குழந்தைகளுக்கு இந்த எல்லை இன்னும் நெருக்கமானது. மாலை இருட்டியபின் தனியே பேருந்தில் வருவது, பருவமடைந்தபின் குட்டைக் காற்சட்டையோடு ஆடுவது, வெளியூர்ப் போட்டிகளுக்குத் துணையில்லாமல் போவது ஆகிய ஒவ்வொன்றிலும் குடும்பம் தயங்கும் இடம் வருகிறது. தந்தையும் தாயும் தறியில் உட்கார்ந்தால்தான் வீடு நடக்கும் என்ற நிலையில், மகளோடு பயிற்சிக்கூடத்தில் காத்திருக்க ஆள் இல்லை. மகளிர் ஆட்டத்தில் இந்தியா அண்மையில் கண்டிருக்கும் எழுச்சி, பெரும்பாலும் குடும்பத்தில் ஒருவர் தம் வேலையையோ ஊரையோ மகளுக்காக மாற்றிக்கொண்ட வீடுகளிலிருந்து வருகிறது. அத்தகைய மாற்றத்துக்கு வழியில்லாத வீடுகளின் மகள்கள் ஆட்டத்துக்கு வெளியே நிற்பது திறமைக் குறைவினால் அல்ல.

2025 மார்ச்சில் சென்னை ஜவாஹர்லால் நேரு உள்விளையாட்டரங்கில் நடந்த உலகப் போட்டியோடு சரத் கமல் ஓய்வுபெற்றார். ஐந்து ஒலிம்பிக்குகளில் ஆடிய, பத்து முறை தேசிய சாம்பியனாக இருந்த ஒருவர், 42 வயதில் தாம் வளர்ந்த ஊரில், தாமே தேர்ந்தெடுத்த நாளில் விடைபெற முடிந்தது. 1984-இல் சந்திரசேகருக்கு அந்தத் தேர்வு கிடைக்கவில்லை. இருவருக்கும் இடையிலான நாற்பது ஆண்டுகளில் இந்த விளையாட்டு தமிழ்நாட்டில் ஒரு தொழிலாக உருப்பெற்றிருக்கிறது என்பதற்கு, எந்தப் பதக்கத்தையும்விட இந்த வேறுபாடே உறுதியான சான்று. அடுத்த வேலை, அந்தத் தேர்வைப் புகழ்பெற்ற சிலரிடமிருந்து பெயர் தெரியாத பலருக்கு விரிப்பது.

அதற்கு முதற்படியாக, பொதுப்பணத்தில் நடக்கும் பயிற்சித் திட்டங்கள் தம்மை அளந்துகொள்ளும் முறை மாற வேண்டும். இன்று ஒரு திட்டத்தின் வெற்றி அது ஈட்டிய பதக்கங்களால் கணக்கிடப்படுகிறது. அதே ஆண்டறிக்கையில், திட்டத்தில் சேர்ந்து பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஆட்டத்தை விட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், என்ன வேலையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் பயிற்சியாளர்களாகத் திரும்பி வந்தார்கள் என்ற கணக்கும் இடம்பெறுமானால், மகளின் கையில் மட்டையைக் கொடுப்பதா வேண்டாமா என்று தயங்கும் பிள்ளையார்பாளையத்து நெசவாளருக்கு அது பதக்கப் பட்டியலைவிடத் தெளிவாக வழிகாட்டும். உச்சத்தைத் தொடுபவர்கள் எப்போதும் சிலராகவே இருப்பார்கள். ஒரு விளையாட்டு நேர்மையான தொழிலா என்பதை, தொடாமல் திரும்பியவர்களின் வாழ்க்கையே தீர்மானிக்கிறது.